கிடப்பில் போன கொலை வழக்கும் கொடிவழிப் பட்டியலும்: வாசகர் கேள்வி–பதில்

பல ஆண்டுகள் துப்புத் துலங்காமல் கிடந்த கொலை வழக்குகளைக் குடும்ப வரலாற்று ஆய்வாளர்கள் துலக்கி வருவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கே: போலீஸ் ஆய்வகத்திடம் டி.என்.ஏ. இருந்தும் கண்டுபிடிக்க முடியாத கொலையாளியை, வீட்டில் உட்கார்ந்து கொடிவழி வரைகிறவர்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? – வாசகர், கும்பகோணம்

இருவரும் ஒரே டி.என்.ஏ.வில் வேறு வேறு இடங்களைப் படிக்கிறார்கள். அமெரிக்கக் காவல்துறையின் ‘கோடிஸ்’ தரவுத்தளம் எஸ்.டி.ஆர். எனப்படும் 20 இடங்களை மட்டும் பார்க்கிறது. 2017க்கு முன் அது 13 ஆக இருந்தது. இரண்டு மாதிரிகள் ஒரே ஆளுடையவையா என்று சொல்ல அது தாராளமாகப் போதும். உறவு என்று பார்த்தால் பெற்றோர், பிள்ளை, உடன்பிறப்பு வரை எட்டும். அதற்கு மேல் எட்டாது. குற்றவாளி வேறெந்த வழக்கிலும் சிக்காதவனாக இருந்தால் தேடல் அங்கேயே முடிந்துவிடும்.

குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் எச்சிலை அனுப்பிச் செய்துகொள்ளும் சோதனை எஸ்.என்.பி. வகை. ஒற்றை எழுத்து மாறும் இடங்களை ஆறேழு லட்சம் கணக்கில் படிக்கிறது. அதனால் எள்ளுத் தாத்தா வழியில் வந்த தூரத்து உறவு கூடத் தெரிந்துவிடும். குற்றவாளி சோதனை செய்துகொண்டிருக்கத் தேவையில்லை. அவனுக்கு முகம் தெரியாத, பெயர் தெரியாத ஓர் உறவுக்காரர் ஆர்வத்தில் செய்துகொண்டிருந்தால் போதும்.

இந்த முறை பிறந்த இடம் குற்றவியல் ஆய்வகம் இல்லை. தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைகள் தம்மைப் பெற்றவர்களைத் தேட உருவாக்கிய முறை இது. அந்தத் தேடலில் கைதேர்ந்தவர் பார்பரா ரே-வென்டர் என்ற ஓய்வுபெற்ற காப்புரிமை வழக்கறிஞர். கலிபோர்னியாவில் 1970, 80களில் 13 கொலைகளும் ஏராளமான பாலியல் வன்கொடுமைகளும் செய்தவனைத் தேடும் குழுவில் அவர் சேர்ந்தார். 2018 ஏப்ரல் 24 அன்று சாக்ரமென்டோ அருகே கைதான ஜோசப் ஜேம்ஸ் டிஆஞ்சலோ 72 வயதுக்காரர். ஒரு காலத்தில் போலீஸ்காரர். 2020இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆயுள் தண்டனை பெற்றார்.

கே: வேலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? படிப்படியாகச் சொல்ல முடியுமா? – வாசகி, கோயம்புத்தூர்

முதலில் மிச்சம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். பழைய வழக்குகளில் முப்பது நாற்பது ஆண்டுகளாகப் பல ஆய்வகங்கள் மாதிரியைக் கிள்ளிக் கிள்ளிச் செலவழித்திருப்பார்கள். ஒரு நானோகிராம், அதாவது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு, கிடைத்தாலே வேலை நடக்கும். அது ஏறக்குறைய 150 செல்களின் டி.என்.ஏ. ஆனால் வெயிலிலும் ஈரத்திலும் நைந்து துண்டுதுண்டானதாகவோ, கொல்லப்பட்டவருடைய டி.என்.ஏ. கலந்ததாகவோ இருந்தால் அளவு போதுமாக இருந்தும் பயனில்லை. நைந்த மாதிரிகளுக்கு இப்போது முழு மரபணுத்தொகுதியையும் வாசிக்கும் முறையைக் கையாள்கிறார்கள். சோதனையில் தோற்றால் மாதிரி தீர்ந்துவிடும். அடுத்த தலைமுறைக் கருவி வரும்வரை காத்திருக்கவும் வழியிருக்காது. ஆகவே எந்த ஆய்வகம், எந்த முறை என்பதை முடிவு செய்வதிலேயே பாதி வழக்கு நிற்கிறது.

பிறகு அந்தத் தரவை ஜெட்மேட்ச், ஃபேமிலி ட்ரீ டி.என்.ஏ. போன்ற, காவல்துறைத் தேடலை அனுமதிக்கும் தளங்களில் ஏற்றுகிறார்கள். ஆளுடைய பெயர் அங்கே வராது. இன்னாருடன் இத்தனை சென்டிமார்கன் (பொதுவாக உள்ள டி.என்.ஏ.வின் அளவைச் சொல்லும் அலகு) பொருந்துகிறது என்று நீளமான பட்டியல் ஒன்று வரும்.

பட்டியலைக் குழுக்களாகப் பிரிப்பது அடுத்த வேலை. முதல் ஆளோடும் நாம் தேடுகிறவனோடும் ஒருசேரப் பொருந்துகிறவர்கள் யார் யார் என்று பார்த்து ஒரு நிறம் கொடுக்க வேண்டும். நிறம் பெறாத அடுத்த ஆளுக்கு வேறு நிறம். டேனா லீட்ஸ் என்ற கொடிவழி ஆய்வாளர் 2018இல் பரப்பிய முறை இது. கணினி அட்டவணையில் ஒரு மாலைப்பொழுதில் முடித்துவிடலாம். நன்றாக அமைந்தால் நான்கு நிறக்குழுக்கள் வரும்: அப்பாவைப் பெற்றவர்கள் இருவர், அம்மாவைப் பெற்றவர்கள் இருவர் என நான்கு வழிகள்.

ஒவ்வொரு குழுவிலும் இருப்பவர்களின் கொடிவழியை மேல்நோக்கி எழுதிக்கொண்டே போனால், எல்லாருக்கும் பொதுவான ஒரு தம்பதி அகப்படுவார்கள். அங்கிருந்து திரும்பிக் கீழே இறங்கி அத்தம்பதியின் பிள்ளை, பேரன், பேத்தி, கொள்ளுப் பேரன் என்று ஒருவர் விடாமல் எழுத வேண்டும். முதல் குழுவில் பிறந்த ஒருவரும் இரண்டாம் குழுவில் பிறந்த ஒருவரும் கல்யாணம் செய்துகொண்ட இடம் எங்கே என்பதுதான் தேடல். இரண்டு வழி டி.என்.ஏ.வும் சேர்ந்து இறங்குவது அவர்களுடைய பிள்ளைகள் வழியில் மட்டுமே.

வாஷிங்டன் மாநிலத்தில் 1987 நவம்பரில் கனடாவிலிருந்து வந்த இளம் ஜோடி கொல்லப்பட்ட வழக்கு இதற்குப் பாடப்புத்தக உதாரணம். டி.என்.ஏ. ஆய்வு நிறுவனமான பாரபானின் கொடிவழி ஆய்வாளர் சீசீ மூர் 2018இல் பார்த்தபோது இரண்டாம் சுற்று உறவு (ஒரே கொள்ளுத் தாத்தா வழியில் வந்தவர்கள்) அளவில் இரண்டு பொருத்தங்கள் கிடைத்தன. ஒருவர் அப்பா வழி, ஒருவர் அம்மா வழி. இரண்டு கொடிகளும் ஒரே ஒரு கல்யாணத்தில் சந்தித்தன. அந்த வீட்டில் ஆண் பிள்ளை ஒருவர்தான். ஒரு வார இறுதிக்குள் பெயர் கிடைத்துவிட்டது. இப்படி அமைவது அபூர்வம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மூன்றாம் சுற்று, நான்காம் சுற்றுப் பொருத்தங்கள் மட்டுமே கிடைத்தால் மாதக்கணக்கில், சில வழக்குகளில் ஆண்டுக்கணக்கில் இழுக்கும்.

பெயர் கிடைத்ததும் ஆய்வாளர் ஒதுங்கிக்கொள்கிறார், காவல்துறை தொடர்கிறது. அந்த 1987 வழக்கில் சந்தேக நபரின் வண்டியிலிருந்து விழுந்த காபிக் கோப்பையை எடுத்து, பழைய எஸ்.டி.ஆர். முறையில் நேரடியாக ஒப்பிட்டார்கள். டிஆஞ்சலோ வழக்கில் கார்க் கதவின் கைப்பிடியைத் துடைத்து எடுத்தார்கள். பிறகு குப்பைத் தொட்டியில் கிடந்த டிஷ்யூ தாள்.

கே: சென்டிமார்கன் என்ற எண்ணைப் பார்த்தே இன்ன உறவு என்று சொல்லிவிட முடியுமா? – வாசகர், சேலம்

நெருங்கிய உறவில் முடியும். தூரம் போகப் போக எண் வழுக்கும்.

பெற்றோருக்கும் பிள்ளைக்கும் 3,500 அளவில் பொருந்தும். கூடப் பிறந்தவர்களுக்குச் சராசரி 2,600. ஒரே தாத்தா பாட்டியின் பேரப்பிள்ளைகள், அதாவது முதல் சுற்று, 866. ஒரே கொள்ளுத் தாத்தா என்றால் இரண்டாம் சுற்று, 229. எள்ளுத் தாத்தா பொது என்றால் மூன்றாம் சுற்று, 73. இவை பிளெய்ன் பெட்டிங்கர் என்ற கொடிவழி ஆய்வாளர் ஆயிரக்கணக்கானவர்களிடம் திரட்டி 2020இல் வெளியிட்ட சராசரிகள். சராசரியை விட வீச்சைத்தான் கவனிக்க வேண்டும். இரண்டாம் சுற்று உறவு 41இலும் இருக்கலாம், 592இலும் இருக்கலாம். மூன்றாம் சுற்றில் பத்தில் ஒருவருக்குப் பொருத்தமே காட்டாது. நான்காம் சுற்றில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் காட்டாது. பொருத்தம் இல்லை என்பதால் உறவு இல்லை என்று ஆகாது; பொருத்தம் இருந்தால் உறவு இருக்கும் என்பது மட்டும் கொஞ்சம் நம்பத்தக்கது.

புதிதாக வருகிறவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 225 அளவில் ஒரு பொருத்தம் வந்தால் ‘இரண்டாம் சுற்று’ என்று எழுதிவிட்டு மேலே போகிறார்கள். தாத்தாவின் முதல் தாரத்துப் பிள்ளை வழியில், ஒரு தலைமுறை தள்ளி வந்த உறவுக்கும் அதே எண்தான் வரும். இரண்டு தலைமுறை தள்ளிய முதல் சுற்றுக்கும் அதே எண்தான். இந்த மூன்றில் எது என்று டி.என்.ஏ. சொல்லாது. பிறந்த ஆண்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டை அடித்துவிடலாம். அதனால் ஒவ்வொரு பெயருக்கும் ஆண்டு குறிக்காத கொடிவழி இந்த வேலைக்கு உதவாது.

7 சென்டிமார்கனுக்குக் கீழே உள்ள துண்டுகளைத் தொட வேண்டாம். அவற்றில் நிறைய தற்செயலாக ஒத்துப்போனவை.

கே: ஒரு தம்பதியின் வாரிசுகள் எல்லாரையும் எழுதுவது என்றால் நூற்றுக்கணக்கில் வருமே. எந்தப் பதிவேடுகளில் தேடுகிறார்கள்? – வாசகி, யாழ்ப்பாணம்

வரும். தலைக்கு ஐந்து பிள்ளை என்று வைத்தால், பிள்ளைகள் 5, பேரர் 25, கொள்ளுப் பேரர் 125, எள்ளுப் பேரர் 625. அது ஒரு தம்பதிக்கு. டிஆஞ்சலோ வழக்கில் பல குடும்ப மரங்கள் எழுதினார்கள்; அவரிடம் கொண்டுசேர்த்த மரத்தில் மட்டும் ஏறக்குறைய ஆயிரம் பேர் இருந்தார்கள்.

அமெரிக்காவில் முதல் துணை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. பத்தாண்டுக்கு ஒருமுறை, 1850 முதல் வீட்டிலுள்ள (அடிமைகள் அல்லாத) ஒவ்வொருவர் பெயரும் உண்டு. அதற்கு முன் குடும்பத் தலைவர் பெயர் மட்டும். 72 ஆண்டு கழித்துத்தான் பொதுமக்களுக்குத் திறப்பார்கள் என்பதால், 2022 ஏப்ரலில் திறந்த 1950 கணக்கெடுப்போடு அந்தப் பாதை நின்றுவிடுகிறது. நடுவிலும் ஓட்டை உண்டு. 1890 ஏடுகளில் பெரும்பகுதி 1921இல் வாஷிங்டனில் நடந்த தீவிபத்தில் அழிந்தது. 1881இல் பிறந்த ஒரு பெண், 1900 கணக்கெடுப்புக்குள் கல்யாணமாகி வேறு குடும்பப் பெயரில் வேறு ஊரில் இருப்பாள். பெற்றோரோடு ஒரு கணக்கெடுப்பிலும் அவள் பெயர் வராது. அவள் வழியில் வந்த கிளை முழுவதும் மரத்திலிருந்து காணாமல் போகும். கல்யாணப் பதிவு, பெற்றோரின் உயில், அண்ணன் தம்பிகளின் மரண அறிவித்தல் ஆகியவற்றில்தான் அவளை மீட்க முடியும்.

1950க்குப் பிறகு மரண அறிவித்தல்தான் ராஜா. யாழ்ப்பாண வாசகிக்கு இதை விளக்கவே வேண்டாம். “காலஞ்சென்ற இன்னார் தம்பதிகளின் பாசமிகு மகளும், இன்னாரின் அன்பு மனைவியும், இன்னார் (கனடா), இன்னார் (சுவிஸ்) ஆகியோரின் தாயாரும்” என்று உங்கள் ஊர் அறிவித்தலில் ஒரு பத்தியில் வருவதை எடுத்தால் மூன்று தலைமுறை மரம் போட்டுவிடலாம். அமெரிக்கச் செய்தித்தாள் அறிவித்தல் அந்த அளவு விரிவாக இருக்காது. ஆனாலும் உயிரோடிருக்கும் பிள்ளைகள், அவர்கள் ஊர், முன்பே இறந்தவர்கள் என்று வரிசைப்படுத்தும். மகள்களின் கணவர் பெயரும் வரும் என்பதால் பெண் வழிக் கிளைகள் பிழைக்கின்றன. ஓர் எச்சரிக்கை: குடும்பத்தோடு பேச்சுவார்த்தை இல்லாத மகன், சிறையில் இருக்கும் மகன், முதல் தாரத்துப் பிள்ளை போன்றவர்கள் இந்த வரிசையில் விடுபடுகிறவர்கள். கொலை வழக்கில் நாம் தேடுவது அப்படி விடுபட்டவராகவே இருக்கலாம். ஆகவே தகப்பன் இறந்தபோது வந்தது, தாய் இறந்தபோது வந்தது, தாத்தாவுக்கு வந்தது என மூன்றையும் எடுத்துப் பெயர்களை ஒப்பிட வேண்டும்.

பிறகு நகர விவரப் புத்தகங்கள் உண்டு. தெரு வாரியாக, வீட்டு எண் வாரியாக, யார் குடியிருந்தார், என்ன தொழில் என்று ஆண்டுதோறும் அச்சிட்டவை. கொலை நடந்த ஆண்டில் சந்தேக நபர் எங்கே இருந்தார் என்பதை நிறுவ இதைவிட நல்ல ஏடு குறைவு. பள்ளி ஆண்டுமலர், போர்க்காலப் படைப்பதிவு அட்டை, கல்லறைக் கல்வெட்டு, விவாகரத்துப் பதிவு எல்லாம் கைகொடுக்கும்.

இறப்புச் சான்றிதழைப் படிக்கும்போது தகவல் தந்தவர் யார் என்ற கட்டத்தை முதலில் பாருங்கள். இறந்த தேதி பெரும்பாலும் சரியாக இருக்கும், மருத்துவர் எழுதியது. இறந்தவரின் தாயார் பெயரை மருமகன் சொல்லியிருந்தால் அதைக் கேள்விக்குறியோடு எழுதிக்கொள்ளுங்கள். இணையத்தில் பிறர் போட்டுவைத்த மரங்களும் அப்படியே. இருபது பேர் ஒரே தகவலைப் போட்டிருந்தால் இருபது சான்று என்று பொருளில்லை. ஒருவர் போட்டதைப் பத்தொன்பது பேர் எடுத்து ஒட்டியிருக்கலாம்.

கே: தப்பான ஆளைப் பிடித்துவிட மாட்டார்களா? – வாசகர், திருநெல்வேலி

கிட்டத்தட்ட பிடித்திருக்கிறார்கள். ஐடஹோ மாநிலத்தின் ஐடஹோ ஃபால்ஸ் நகரில் 1996 ஜூனில் 18 வயதுப் பெண் கொல்லப்பட்டார். இளைஞர் ஒருவரிடம் பல நாள் விசாரணை நடத்தி வாக்குமூலம் வாங்கி 1998இல் தண்டனையும் வாங்கிக் கொடுத்தார்கள். சம்பவ இடத்து டி.என்.ஏ. அவருடையது இல்லை என்பது அப்போதே தெரியும். இன்னோர் ஆளும் கூட இருந்தான் என்று சொல்லிச் சமாளித்தார்கள்.

2014இல் அந்த இன்னோர் ஆளைத் தேட, ஒய் குரோமோசோமை ஒரு பழைய கொடிவழித் தரவுத்தளத்தில் ஒப்பிட்டார்கள். 35 குறியீடுகளில் 34 ஒருவருடன் பொருந்தின. பொருந்தியவருக்கு வயது ஒத்துவரவில்லை. அவருடைய மகன் நியூ ஆர்லியன்ஸில் படம் எடுக்கிறவர், ஐடஹோவுக்கு வந்துபோனவர் என்று கண்டு அவரிடம் நீதிமன்ற ஆணையோடு மாதிரி எடுத்தார்கள். ஒரு மாதம் கழித்து, அவர் இல்லை என்று முடிவு வந்தது.

எங்கே சறுக்கியது என்று பார்க்க வேண்டும். ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு ஏறக்குறைய அப்படியே போகிறது. 35இல் 34 என்றால், அந்த இருவருக்கும் பொதுவான முப்பாட்டன் சில நூறு ஆண்டுகளுக்கு முன் இருந்திருக்கலாம். அப்படி இருந்தால் ஒரே முன்னோரிலிருந்து வந்த ஆண் வாரிசுகள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். ஆறு லட்சம் இடங்களைப் படிக்கும் சோதனை தூரத்தைக் காட்டும். 35 குறியீடுகள் அந்தத் தூரத்தைக் காட்டாது. தூரம் தெரியாத பொருத்தத்தை வைத்து ஆளைத் தேடியது பிழை. ‘ஐடஹோவுக்கு வந்துபோனவர்’ போன்ற சூழல் ஒற்றுமைகள் பிழையை உறுதியாக்கின. சந்தேகம் வந்த பிறகு தேடினால் யாருக்கும் இப்படி நாலு ஒற்றுமை கிடைக்கும்.

அதே வழக்கை எஸ்.என்.பி. முறையில் சீசீ மூர் எடுத்துக்கொண்ட பிறகு, 2019 மேயில் வேறொருவர் கைதானார். காரிலிருந்து அவர் வீசிய சிகரெட் துண்டு நேரடியாகப் பொருந்தியது. கொலை நடந்தபோது எதிர் வீட்டில் குடியிருந்தவர்; 1996இலேயே போலீஸ் பேசிவிட்டு வந்த ஆள். 2021இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். முன்பு தண்டனை பெற்றவரைக் குற்றமற்றவர் என்று 2019 ஜூலையில் நீதிமன்றம் அறிவித்தது.

எஸ்.என்.பி. முறையிலும் பிழை வரும் இடங்கள் உண்டு. ஏட்டில் உள்ள அப்பாவும் பெற்ற அப்பாவும் வேறாக இருந்தால் ஒரு கிளை முழுவதும் தவறாகும். மரத்தில் ஓர் இடத்தில் எதிர்பார்த்த எண்ணில் பாதிதான் வருகிறது என்றால் அங்கே இந்தச் சந்தேகம் வர வேண்டும். தத்துப் போன பிள்ளை எந்த ஏட்டிலும் அந்தக் குடும்பத்தில் இருக்காது. ஒரே உருவ இரட்டையரை இந்தச் சோதனை பிரிக்காது. உடன்பிறப்புகளில் யார் என்பதையும் கொடிவழி சொல்லாது. வயது, பாலினம், கொலை நடந்த ஆண்டில் இருந்த ஊர் ஆகியவை சிலரைக் கழிக்கும், மிச்சத்தை நேரடி மாதிரிதான் தீர்க்கும்.

கே: அன்செஸ்ட்ரி, 23அண்ட்மீ தளங்களில்தானே கோடிக்கணக்கானவர்கள் இருக்கிறார்கள்? அங்கே ஏன் தேடுவதில்லை? – வாசகர், சென்னை

அவர்கள் அனுமதிப்பதில்லை. ஜெட்மேட்ச்சும் 2019 மேயில் விதியை மாற்றியது. போலீஸ் தேடலுக்குத் தாமாகச் சம்மதம் தந்தவர்களை மட்டுமே அதன் பின் காட்டியது. ஒரே நாளில் தேடத்தக்க பட்டியல் சுருங்கிப் போனது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திரும்ப ஏறியது.

கே: கொடிவழியை வைத்து ஒருவரைக் கைது செய்தால் நீதிமன்றம் ஏற்குமா? – வாசகி, வேலூர்

கொடிவழியை மட்டும் வைத்துக் கைது செய்யக்கூடாது என்பது அமெரிக்க நீதித்துறை 2019இல் வகுத்த நெறிமுறை. கொலை, பாலியல் குற்றம், அடையாளம் தெரியாத உடல் போன்றவற்றுக்கே இம்முறை பொருந்தும், முதலில் ‘கோடிஸ்’ஸில் தேடித் தோற்றிருக்க வேண்டும், பெயர் கிடைத்த பின் எஸ்.டி.ஆர். ஒப்பீடு கட்டாயம். மேரிலாந்து மாநிலம் 2021இல் ஒருபடி மேலே போய், நீதிபதியின் அனுமதி வேண்டும் என்று சட்டமே இயற்றியது.

நீதிமன்றத்தில் நிற்பது காபிக் கோப்பையின் ஒப்பீடுதான். 1987 வழக்கு 2019 ஜூனில் ஜூரி முன் தீர்ப்பானது. ஜூரி ஒருவர் பாரபட்சமுள்ளவர் என்று கூறி 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2022இல் மாநில உச்ச நீதிமன்றம் மீண்டும் உறுதி செய்தது. இந்த இழுபறியில் கொடிவழி முறை சிக்கலாகவில்லை என்பதைச் சட்டம் படிக்கிறவர்கள் கவனிக்கலாம்.

கே: அமெரிக்காவுக்கு வெளியே இப்படி எந்த வழக்கும் தீர்ந்ததா? – வாசகர், புதுச்சேரி

சுவீடனின் லின்சோப்பிங் நகரில் 2004 அக்டோபர் 19 காலையில் பள்ளிக்குப் போன எட்டு வயதுச் சிறுவனும், அவன் தாக்கப்படுவதைக் கண்ட 56 வயதுப் பெண்ணும் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார்கள். கத்தியும் ஒரு கம்பளித் தொப்பியும் கிடைத்தன, டி.என்.ஏ.வும் கிடைத்தது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களிடம் மாதிரி எடுத்தும் ஆள் சிக்கவில்லை. பிரதமர் ஓலோஃப் பால்மே கொலைக்கு அடுத்து அந்நாட்டின் மிகப் பெரிய விசாரணை அதுதான். 2020இல் பீட்டர் ஷோலுண்ட் என்ற கொடிவழி ஆய்வாளர், சுவீடனின் ஏடுகளில் ஊறியவர், எடுத்துக்கொண்டார். மரம் இரண்டு சகோதரர்களில் வந்து நின்றது. ஒருவருடைய மாதிரி பொருந்தியது. அந்த ஜூனிலேயே கைதானார், ஒப்புக்கொண்டார்.

இதில் நமக்குப் பிடித்த பகுதி ஏடுகள். சுவீடன் தேவாலயங்களில் பாதிரியார் வீடு வீடாகப் போய், வேதம் தெரிகிறதா என்று விசாரித்து எழுதிய குடும்பப் பேரேடுகள் உண்டு. ஆள், பிறந்த தேதி, எந்தப் பண்ணைவீடு, எந்த ஊருக்கு எப்போது குடிபெயர்ந்தார் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒருவரை ஊர் விட்டு ஊர் துரத்திக்கொண்டு போகலாம். சிக்கல் பெயரில். ஆண்டர்ஸின் மகன் ஆண்டர்ஸன், மகள் ஆண்டர்ஸ்டாட்டர். அடுத்த தலைமுறையில் பெயர் மாறிவிடும். இனிஷியல் பழகிய நமக்கு இது உடனே புரியும். ஒரே ஊரில் பத்து ஆண்டர்ஸ் ஆண்டர்ஸன் இருப்பார்கள். அவர்களைப் பெயரால் பிரிக்க முடியாது. பிறந்த தேதியையும் பண்ணைவீட்டையும் சேர்த்துத்தான் பிரிக்க வேண்டும். 1901 பெயர்ச் சட்டத்துக்குப் பிறகுதான் நிலையான குடும்பப் பெயர் ஊன்றியது.

கே: நம் ஊர் வழக்குகளில் இந்த முறை செல்லுமா? – வாசகர், மதுரை

இப்போதைக்குக் கடினம், மூன்று காரணம். ஒன்று, அந்தத் தரவுத்தளங்களில் நம்மவர் மிகக் குறைவு. இரண்டு, சட்டம்: டி.என்.ஏ. பயன்பாட்டை நெறிப்படுத்த 2019இல் கொண்டுவந்த மசோதாவை 2023 ஜூலையில் ஒன்றிய அரசு திரும்பப் பெற்றுக்கொண்டது.

மூன்றாவது காரணம் நம் கல்யாணங்கள். மாமன் மகள், அத்தை மகள், அக்காள் மகள் என்று தலைமுறை தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே கட்டியிருக்கும் குடும்பத்தில் இருவர் பல வழியில் உறவாக இருப்பார்கள். ஒவ்வொரு வழியும் கொஞ்சம் சென்டிமார்கனைச் சேர்க்கும். எண்ணைப் பார்த்தால் மூன்றாம் சுற்று போலத் தெரியும். ஏட்டைப் பார்த்தால் நான்காம் சுற்று இரண்டு மூன்று வழியில் வந்திருக்கும். நிறம் கொடுத்துப் பிரிக்கும் முறையும் இங்கே பலிக்காது. அப்பா வழிக்காரரே அம்மா வழியிலும் வருவதால் எல்லா நிறமும் ஒன்றாகும். தங்களுக்குள்ளேயே மணந்துவந்த ஐரோப்பிய யூதர்களான அஷ்கெனாசிகளிடம் வேலை செய்யும் ஆய்வாளர்களுக்கும் இதே தலைவலிதான். அவர்கள் மொத்த எண்ணை விட்டுவிட்டு, மிக நீளமான ஒற்றைத் துண்டு எவ்வளவு என்று பார்க்கிறார்கள். பழைய உறவுகள் சேர்ந்து வந்தால் சிறு துண்டுகள் நிறைய இருக்கும். அண்மை உறவில் 40, 50 சென்டிமார்கன் துண்டுகள் இருக்கும். நம்மவர் எண்களையும் அப்படித்தான் படிக்க வேண்டும்.

ஏடுகளைப் பொறுத்தவரை நாம் ஏழைகள் இல்லை. வாரிசுச் சான்றிதழ், பாகப்பிரிவினைப் பத்திரம், வில்லங்கச் சான்று, தேவாலய ஞானஸ்நானப் பதிவு ஆகியவை உறவை எழுத்தில் சொல்பவை. மொய் நோட்டு எழுதியவர் ஊரையும் உறவு முறையையும் குறித்திருந்தால், அன்றைக்கு அந்தக் குடும்பத்தோடு யார் உறவில் இருந்தார்கள் என்பதற்கு அதைவிடத் துல்லியமான ஆவணம் கிடையாது. கரையான் அரிக்கும் முன் படம் எடுத்து வையுங்கள்.

கே: குடும்ப வரலாறு தேடும் பழக்கம் எனக்கு உண்டு. இத்தகைய வழக்குகளில் உதவ முடியுமா? – வாசகி, டொராண்டோ

முடியும், கொலையாளியைத் தேடுவதில் தொடங்க வேண்டாம். அடையாளம் தெரியாத உடல்களுக்குப் பெயர் தேடும் வேலையில் தொடங்குங்கள். முறை அதேதான், தவறு நடந்தால் கேடு குறைவு. கொல்லப்பட்டது யார் என்று தெரியாமல் எந்த விசாரணையும் நகராது. 2017இல் தொடங்கிய டி.என்.ஏ. டோ ப்ராஜெக்ட் அமைப்பு தன்னார்வலர்களை வைத்தே நடக்கிறது. ஓஹையோவில் 1981இல் கிடைத்த இளம்பெண்ணின் உடலுக்கு 2018 ஏப்ரலில் அவர்கள் பெயர் கண்டார்கள். முறையாகப் படிக்க நியூ ஜெர்சியின் ராமபோ கல்லூரியிலும் நியூ ஹேவன் பல்கலைக்கழகத்திலும் சான்றிதழ்ப் படிப்பு உண்டு. உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே, 1984இல் ஒன்பது வயதுச் சிறுமி கொல்லப்பட்ட வழக்கில் தவறாகத் தண்டனை பெற்ற ஒருவர் 1995இல் டி.என்.ஏ.வால் விடுவிக்கப்பட்டார், உண்மைக் குற்றவாளியை 2020 அக்டோபரில் கொடிவழி முறையில்தான் டொராண்டோ போலீஸ் அடையாளம் கண்டது. அவர் 2015லேயே இறந்துவிட்டிருந்தார்.

பயிற்சிக்கு, உங்கள் பொருத்தப் பட்டியலில் 60 முதல் 100 சென்டிமார்கனுக்குள் வரும், யாரென்றே தெரியாத ஒருவரை எடுங்கள். அவரிடம் எதுவும் கேட்காமல், ஏடுகளை மட்டும் வைத்து இருவருக்கும் பொதுவான தம்பதி யார் என்று எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு இணைப்புக்கும் குறைந்தது ஒரு மூல ஆவணம் வேண்டும். முடித்த பின் அவருக்கு எழுதிச் சரிபாருங்கள்.

வழக்கு வேலைக்கு வந்த பின் சில கட்டுப்பாடுகள் உண்டு. மரத்தைப் பூட்டி வையுங்கள். உயிரோடிருப்பவர் பெயர் பொதுவில் தெரியக்கூடாது. பொருந்திய உறவினரைத் தொடர்புகொள்வது காவல்துறை சொன்னால் மட்டும். ஒரு போன் அழைப்பில் செய்தி சந்தேக நபரின் காதுக்குப் போய்விடும். பெயர் கிடைத்த அன்று ஃபேஸ்புக் பக்கமே போகாதீர்கள். அறிக்கையில் ‘இவர்தான்’ என்று எழுதாமல், இந்தத் தம்பதியின் பிள்ளைகளில் ஒருவராக இருக்க வேண்டும், இன்னின்ன ஆவணப்படி, இந்த இடத்தில் ஆவணம் இல்லை என்று எழுதிக் கொடுங்கள். ஆவணம் இல்லாத அந்த இடத்தைச் சிவப்பு மையில் காட்டினால் விசாரணை அதிகாரி உங்களை அடுத்த வழக்குக்கும் கூப்பிடுவார்.